வாரத்தில் ஓர் இரவு



மொழிபெயர்ப்பாளரின் பிழைப்பு சொற்களோடு மல்லாடும் பிழைப்பு. சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டுப் பொழுதுபோக்குகளைப் பற்றிய கட்டுரை ஒன்று தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்தது. அதில் ‘பவுலிங் ஆலி’ என்ற தொடர் பலமுறை வந்தது. நமக்கு உதவியாக இருந்த இளைஞர் சற்றும் தயங்காமல் அதைப் ‘பந்துவீச்சுச் சந்து’ என்று எழுதிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. பவுலிங் என்றவுடன் நம் நாட்டில் நினைவுக்கு வருவது கிரிக்கெட். ஆலி என்றால் சந்து என்றே அகராதியும் கூறுகிறது. ஆனால், ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் மாலையில் பணி முடித்துக் குடும்பத்தோடு ஏன் ஒரு சந்துக்குள் போகவேண்டும் என்பது அவருக்கும் விளங்கவில்லை, படிப்பவர்க்கும் விளங்கியிராது.

அந்தப் பிழையைத் திருத்தப் புகுந்த நாம், அந்த ஆட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானோம். நாம் அமெரிக்கா சென்றவரல்லேம். அவ்வாட்டக் கூடங்களில் இளமையைக் கழித்தவர்கள் கூறிய நினைவுகளையும், அவற்றை ஆராய்ந்தவர்கள் எழுதிய நூல்களையும் கொண்டே அறிந்தோம். அவற்றைப் படிக்கப் படிக்க, ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றோருக்கும் அதில் ஒரு செய்தி இருப்பதாகத் தோன்றிற்று. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் ஆட்டம் இன்னதென்று சொல்லிவிடுவோம். வழவழப்பாக இழைத்த மரத்தாலான நீண்ட தடம். அதன் ஒரு கோடியில் ஆடுபவர் நிற்பார். அவர் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து 60 அடிக்கு அப்பால், 15 அங்குல உயரமுள்ள பத்துக் கட்டைகள் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்டிருக்கும். கனத்த பந்து ஒன்றை உருட்டி அவற்றை வீழ்த்த வேண்டும். பந்தின் எடை 16 பவுண்டு வரை இருக்கலாம். ஒரே உருட்டில் பத்தும் வீழ்ந்தால் மிகச் சிறப்பு. எஞ்சியவற்றை இரண்டாம் உருட்டில் வீழ்த்தினாலும் சிறப்பே. ஓர் ஆட்டத்திற்குப் பத்துச் சுற்றுகள். தொடர்ந்து பன்னிரண்டு முறை பத்துக் கட்டைகளையும் ஒரே அடியில் சாய்ப்பவர் 300 புள்ளிகள் பெறுவார். அதற்கு மேல் பெற இடமில்லை. இவ்வளவே ஆட்டம். இதில் சூட்சுமம் எவ்வளவு என்பதை ஆடிப் பார்த்தவர்களே அறிவர்.

இந்த ஆட்டம் அமெரிக்க மண்ணில் தோன்றியதன்று. கடல் கடந்து குடியேறியவர்கள் தங்கள் மூட்டை முடிச்சுகளோடு கொண்டுபோனது அது. டச்சுக்காரர்கள் ஒன்பது கட்டை ஆட்டத்தை நியூயார்க் பகுதிக்குக் கொண்டுவந்தனர். 1819இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘ரிப் வான் விங்கிள்’ கதையில், மலைமேல் அந்த ஆட்டம் ஆடும் விசித்திர மனிதர்களின் பந்தோசை இடி முழக்கம்போல் கேட்கிறது. பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரளாகக் குடியேறிய ஜெர்மானியர்கள் நியூயார்க், சிகாகோ, மில்வாக்கி முதலிய நகரங்களில் இதை வேரூன்றச் செய்தனர். வேற்று மண்ணில் தம் மொழி பேசுவோர் கூடுவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பந்தும் கட்டையும் அந்தக் காரணமாயின.

ஆனால், எங்கே ஆட்டம் உண்டோ அங்கே பணயமும் உண்டு. மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது கட்டை ஆட்டத்தில் சூது மலிந்துவிட்டதென்று 1841இல் கனெக்டிகட் மாநிலம் அதைத் தடை செய்தது. ஒன்பது கட்டைக்குத்தானே தடை, பத்தாவதாக ஒரு கட்டையைச் சேர்த்துவிட்டால் சட்டம் என்ன செய்யும் என்று எண்ணிய யாரோ ஒரு புத்திசாலியால்தான் பத்துக் கட்டை ஆட்டம் பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானதுதான். எனினும் பத்துக் கட்டை ஆட்டம் அதற்கு முன்பே இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. கோப்புகளோடு பழகியவர்களுக்கு அக்கதை உண்மையாக இருக்கக்கூடாதா என்ற ஆசை எழுவது இயல்பே!

ஊருக்கொரு விதி, கூடத்துக்கொரு பந்து என்றிருந்த நிலையை மாற்ற, 1895 செப்டம்பர் 9ஆம் நாள் நியூயார்க்கில் பீத்தோவன் மண்டபம் என்னும் இடத்தில் ஆட்டக்காரர்கள் கூடி அமெரிக்கப் பவுலிங் காங்கிரஸ் என்ற அமைப்பை நிறுவினர். அளவுகளும் விதிகளும் அதன்பின் ஒருமைப்பட்டன. குடியும் சூதும் நிறைந்த நிலவறை ஆட்டத்தைக் கௌரவமுள்ள ஆட்டமாக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. அதற்கு அவர்களுக்குத் துணைநின்ற கருவிதான் ‘லீக்’ எனப்படும் தொடர் ஆட்டம்.

லீக் என்றால் என்ன? நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட அணிகள் பல சேர்ந்து, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரே கூடத்தில், செப்டம்பர் வாக்கில் தொடங்கி வசந்தகாலம் வரை மாறி மாறி ஆடுவது. தொழிற்சாலைகள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், அலுவலகங்கள் எல்லாம் தத்தம் லீக்குகளை நடத்தின. வாரந்தோறும் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகை தரவேண்டும். ஒரு பகுதி கூடத்துக்கு, ஒரு பகுதி பரிசு நிதிக்கு. பருவத்தின் முடிவில் விருந்து நடக்கும். கணக்கெழுத ஒரு செயலாளர் உண்டு.

அரசுப் பணியாளர்களான நமக்கு இதில் மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்காக 1947இல் வெள்ளை மாளிகையிலேயே ஆட்டத்தடம் அமைக்கப்பட்டது. அவர் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. ஆனால் மாளிகைப் பணியாளர்கள் 1950இல் தமக்கென ஒரு லீக்கைத் தொடங்கினர். மெய்க்காவலர், செயலகத்தார், தொலைபேசி இணைப்பாளர், தோட்டப் பணியாளர் யாவரும் அணி சேர்ந்து ஆடினர். தலைவருக்கு வந்த பரிசு பணியாளருக்குப் பயன்பட்டது!

லீக்கின் விதிகளுள் இரண்டு நம் உள்ளத்தைக் கவர்ந்தன.

முதலாவது, வல்லவரையும் எளியவரையும் சமன் செய்யும் விதி. இதை ‘ஹாண்டிகேப்’ என்பர். எடுத்துக்காட்டாக, 200 புள்ளிகளை அடிப்படையாக வைத்து, வேறுபாட்டில் நூற்றுக்கு 80 பங்கு ஈடு தருவதாகக் கொள்வோம். ஒருவருடைய சராசரி 150 என்றால் வேறுபாடு 50. அதில் 80 பங்கு 40. அவர் எடுக்கும் புள்ளிகளோடு 40 கூட்டிக்கொள்ளலாம். சராசரி 200 உடையவருக்கு ஒன்றும் கிடையாது. இதனால் வல்லவருக்குச் சிறிது மேன்மை எஞ்சுகிறது. எளியவருக்கு நம்பிக்கை எஞ்சுகிறது. நேற்று ஆடத் தொடங்கிய பாட்டியும் இருபதாண்டு ஆடிய பேரனும் ஓரணியில் நிற்கலாம்.

இரண்டாவது விதி இன்னும் நுட்பமானது. அணியில் ஒருவர் வரவில்லையென்றால் என்ன செய்வது? அவர் பெயரை அடித்துவிடுவதில்லை. அவர் இடத்தைக் காலியாக விடுவதுமில்லை. பெரும்பாலான லீக்குகளில், அவருடைய சராசரியிலிருந்து பத்தைக் கழித்து, எஞ்சியதை அவர் கணக்கில் எழுதுவர். சராசரி 150 உள்ளவர் வராவிட்டால் 140. அதாவது, வராதவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தப் பத்துப் புள்ளிகளின் குறையைத் தோழர்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் கண்ணால் காண்பர். அவர் ஏன் வரவில்லை என்ற கேள்வியைத் தாளே கேட்டுவிடுகிறது.

இனி, அதே கூடங்களில் நடந்த வேறுவகை இரவுகளைச் சொல்ல வேண்டும்.

பழங்காலத்தில் வீழ்ந்த கட்டைகளை மீண்டும் நிறுத்தவும், பந்தைத் திருப்பி அனுப்பவும் சிறுவர்கள் இருந்தனர். குழந்தைத் தொழிலை எதிர்த்துப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1910 ஏப்ரலில் புரூக்ளின் கூடம் ஒன்றில் இரவு ஒரு மணிக்கு அத்தகைய சிறுவர்களைப் படம் பிடித்தார். அவர்களினும் சிறிய மூவரைப் படத்தில் விழாதபடி முதலாளி விலக்கி வைத்தார் என்றும் அவர் குறித்து வைத்திருக்கிறார். பின்னர்க் கட்டைகளைத் தானே அடுக்கும் பொறி வந்தது. 1946இல் பஃபலோ நகரில் அது மக்களுக்குக் காட்டப்பட்டது. 1950களில் நாடெங்கும் பரவியது. சிறுவர்கள் வீடு சென்று உறங்கினர். பொறிக்கு உறக்கம் கிடையாது. ஆகவே, கூடங்கள் இரவு முழுதும் திறந்திருக்கலாயின. ஒரு தீமையை நீக்கிய கருவி வேறொன்றுக்கு வாயிலும் திறந்தது.

1950களின் இறுதியிலும் 1960களிலும் நியூயார்க்கைச் சுற்றியிருந்த கூடங்களில் ‘ஆக்ஷன்’ என்ற பெயரில் பந்தய ஆட்டங்கள் கொடிகட்டிப் பறந்தன. லீக் ஆட்டக்காரர்கள் பந்தைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பின், நள்ளிரவு கழிந்து இவை தொடங்கும். புரூக்ளினிலும் பிராங்ஸிலும் யாங்கர்ஸிலும் எந்தக் கூடத்தில் இன்று பணம் புரளும் என்று செய்தி வாய்மொழியாகவே பரவும். இருவர் ஆட, சூழ நிற்பவர் இருபுறமும் பணம் கட்டுவர். விடியும் வரை ஆடுவர். அன்றாடக் கூலியாளின் பல வாரச் சம்பளம் ஓர் ஆட்டத்தில் கைமாறும்.

ஆடியவர்களில் பலர் பள்ளி வயதைத் தாண்டாத பிள்ளைகள். அவர்களுடைய திறமை வியப்புக்குரியது; நெஞ்சுரம் அதனினும் வியப்புக்குரியது. தன் பணமல்லாத பெருந்தொகை தன் ஓர் உருட்டின்மேல் நிற்க, முரடர்கள் சூழ்ந்து பார்த்திருக்க, கை நடுங்காமல் பந்தை விடுவதென்றால் சாமானியமா? அப்படி ஆடிப் பழகிய இளைஞர்களுள் எர்னி ஷ்லெகல் என்பவர் பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகி, 1996இல் தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் ‘மாஸ்டர்ஸ்’ என்ற பெரும் பட்டத்தை வென்றார். அந்த இரவுகளைப் பற்றி ஜான்மார்க் மான்சியோனி எழுதிய நூல் ஒன்று 2014இல் வெளிவந்தது.

ஆனால், அந்த இரவுகளின் மறுபக்கம் இருண்டது. குடியாதவர் குடித்தவர்போல் தள்ளாடி எதிரியை ஏமாற்றுவார். வல்லவர் வேண்டுமென்றே தோற்றுக் காட்டி, பந்தயத் தொகை பெருகிய பின் தம் கைவரிசையைக் காட்டுவார். தம் ஆள்மேல் பணம் கட்டியவர்களுக்கே தெரியாமல் எதிரியோடு கூடித் தோற்று, பங்கு பெற்றுக்கொள்பவரும் உண்டு. லீக்கில் எளியவருக்குக் கைகொடுத்த அதே ஈட்டுப் புள்ளி இங்கே தூண்டிலில் கோத்த புழுவாயிற்று. “உனக்கு இருபது புள்ளி தருகிறேன், வா” என்று அழைப்பவரிடம் கருணையை எதிர்பார்க்க முடியுமா?

இவற்றை எல்லாம்விட நம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. பந்தய ஆட்டத்தில் பணம் தீர்ந்தவர் வெளியேறுவார். அவர் நின்ற இடத்தில் அடுத்தவர் வந்து நிற்பார். போனவர் வீடு சேர்ந்தாரா, அவர் மனைவி என்ன சொன்னாள், மறுவாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார் இல்லை. கடன் கொடுத்தவர் ஒருவர்தாம் அவரைத் தேடுவார். லீக்கில் வராதவருக்குக் கணக்கு உண்டு என்றோம். இங்கே வராதவருக்குக் கணக்கு இல்லை.

அவ்வாறாயின் லீக் இரவுகள் குறையற்றவையா? இல்லை. அமெரிக்கப் பவுலிங் காங்கிரஸ் நெடுங்காலம் வெள்ளை இன ஆண்களை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. பெண்கள் 1916இல் செயின்ட் லூயிஸ் நகரில் தமக்கெனத் தனி அமைப்பு கண்டனர். கறுப்பின மக்கள் 1939இல் டெட்ராய்ட்டில் தம் அமைப்பைத் தொடங்கினர். மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் ஜப்பானிய அமெரிக்கர் சங்கமும் பிறரும் போராடிய பின்னரே, 1950இல் அந்த நிறத்தடை நீங்கியது. வராதவரையும் எண்ணுகிற விதியை வகுத்தவர்கள், வாயிலில் வந்து நின்றவரை எண்ண மறுத்தனர். மேற்சொன்ன அமைப்புகள் 2005இல் ஒன்றாக இணைந்து அமெரிக்க ஐக்கிய நாடுகள் பவுலிங் காங்கிரஸ் என்ற பெயர் பெற்றன. கறுப்பின மக்கள் தொடங்கியது மட்டும் தனித்தே நின்றது.

ஆனால் அதற்குள் இன்னொரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. ராபர்ட் புட்னம் என்ற அரசியல் அறிஞர் 1995இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைக் காட்டினார். 1980க்கும் 1993க்கும் இடையே பவுலிங் ஆடுவோர் தொகை நூற்றுக்கு 10 பங்கு உயர்ந்தது. லீக்கில் ஆடுவோர் தொகையோ 40 பங்கு வீழ்ந்தது. 1993இல் ஒரு முறையேனும் பவுலிங் ஆடிய அமெரிக்கர் ஏறக்குறைய 8 கோடி பேர். ஆட்டத்தின்மேல் ஆசை குறையவில்லை. வாரந்தோறும் வருகிறேன் என்று வாக்களிக்கும் மனம் குறைந்துவிட்டது. தனியே பவுலிங் ஆடுதல் என்பதே அக்கட்டுரையின் தலைப்பு. 2000இல் அது பெருநூலாக விரிந்தது.

தனியே என்றால் ஒற்றை ஆளாக என்பது பொருளன்று. இன்றும் நண்பர்களோடும் உறவினர்களோடும்தான் வருகிறார்கள். ஆனால் முன்னரே அறிந்தவரோடு மட்டும் வருகிறார்கள். விரும்பிய நாளில் வந்து, விரும்பிய நேரத்தில் போகிறார்கள். லீக்கிலோ, எதிரணியில் யார் நிற்பார் என்பதை நாம் தேர்ந்துகொள்ள முடியாது. கணக்கரும் கட்டடத் தொழிலாளியும் ஒரே பலகையில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பேசத்தான் வேண்டும். கூட உரிமையாளர்களுக்கும் இதனால் நட்டமே. லீக்கில் ஆடுவோர் மற்றவரைவிட மூன்று மடங்கு பீரும் பீட்சாவும் வாங்குவர் என்று புட்னம் எழுதுகிறார்!

அவர் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி ஊரில், ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பணியாளர் ஒருவர், வயது 64, மாற்றுச் சிறுநீரகத்துக்காக மூன்றாண்டுகள் காத்திருந்தார். அதே ஊரில் 33 வயதுக் கணக்கர் ஒருவர். ஒருவர் கறுப்பினத்தவர், மற்றவர் வெள்ளையர். இருவருக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு பவுலிங் லீக். முதியவரின் நிலையைத் தற்செயலாக அறிந்த இளையவர், எவரும் கேளாமலே தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். அவ்விருவரும் ஒரே கூடத்தில் அணி சேர்ந்து ஆடுவதை 1950க்கு முன் அந்த அமைப்பின் விதி ஏற்றிராது என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அமெரிக்காவில் இல்லை. தில்லியில், நாம் வாழும் அரசுக் குடியிருப்பிலேயே இருந்தது.

2006ஆம் ஆண்டில் நாம் தில்லிக்குப் புதிதாக வந்தபோது, எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சிலவும், குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே இருந்தவர் சிலரும் உண்டு. சம்பள நாளன்று மொட்டை மாடி அறையில் பணம் வைத்துச் சீட்டாடுவோர் ஒரு சாரார். நாமும் இரண்டு மூன்று முறை அமர்ந்ததுண்டு, மறைப்பானேன்? ஒருமுறை தீபாவளிக்கு ஊர் செல்லும் பயணப் பணத்தை நண்பர் ஒருவர் அங்கே இழந்தார். மறுமாதம் அவர் வரவில்லை. அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார், சீட்டுக் கலைக்கப்பட்டது. அவர் தீபாவளிக்கு ஊர் போனாரா என்று எங்களில் எவரும் கேட்கவில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. சனிக்கிழமை மாலை சமூகக் கூடத்தில் கேரம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதை நடத்தினார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. யார் யாரோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பதை அவரே முறை வைத்து ஒரு நோட்டில் எழுதுவார். நன்றாக ஆடுபவரோடு ஆடத் தெரியாதவரைச் சேர்த்துவிடுவார். வராதவர் பெயருக்கு எதிரே ஒரு சுழி போடுவார். இரண்டு சுழி விழுந்தால், “தம்பி, அவர் வீட்டை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க” என்று யாரையாவது அனுப்புவார். அப்போது அது எங்களுக்குத் தொந்தரவாகவே தோன்றியது.

ஒரு ஜனவரிச் சனிக்கிழமை நோட்டே வரவில்லை. அண்ணாச்சி வந்து நோட்டைத் திறக்காத சனிக்கிழமையை அதுவரை நாங்கள் கண்டதில்லை. கால்மணி நேரம் பார்த்தோம். பின் நால்வர் சென்று கதவைத் தட்டினோம். உள்ளிருந்து முனகல் கேட்டது. பூட்டை உடைத்துத்தான் திறக்க நேர்ந்தது. இரண்டு நாளாகக் கடும் காய்ச்சலில் எழ மாட்டாமல் கிடந்திருக்கிறார். மருத்துவமனையில் சேர்த்தோம்; நிமோனியா என்றார்கள். பிழைத்தெழுந்தார். திரும்பி வந்ததும் நோட்டை எடுத்து அந்தச் சனிக்கிழமையில் தம் பெயருக்கு எதிரே தாமே ஒரு சுழி போட்டுக்கொண்டார்.

2012இல் அவர் ஓய்வுபெற்று ஊர் சென்றார். நோட்டை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் சென்றார். நாம் சில வாரம் நடத்தினோம். பிறகு வேலை மிகுதி என்றோம், குளிர் என்றோம், பிள்ளைகளின் தேர்வு என்றோம். பலகை சுவரோரம் சாய்ந்தது. ஒருவர்க்கொருவர் செய்தி அனுப்பிக் கொள்ளத்தான் கைபேசி வந்துவிட்டதே என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டோம்.

2019இல் மதுரையிலிருந்து புதிதாக வந்த இளைஞர் ஒருவர், நமக்கு இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தவர், டெங்குக் காய்ச்சலில் நான்கு நாள் தனியே கிடந்தார். அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள்தாம் அவரைத் தூக்கிச் சென்றனர். உயிருக்கு ஆபத்தில்லை. அவர் நலமடைந்து கைபேசியில் எல்லோருக்கும் அனுப்பிய படத்தைக் கண்ட பிறகே நமக்குச் செய்தி தெரியும். அவர் கதவை நாள்தோறும் இருமுறை கடந்து சென்றிருக்கிறோம். நோட்டு நம் அலமாரியில்தான் இருந்தது. அதில் அவர் பெயர் இருந்திருந்தால் ஒரு சுழியாவது விழுந்திருக்கும்.

தமிழர் வாழும் பெருநகரங்களில் சங்கங்கள் உண்டு. ஆண்டு விழாக்கள் உண்டு. பொங்கல் விழாவுக்குக் கூட்டம் நிரம்பி வழிகிறது. அவை வேண்டியவையே. ஆனால் ஆயிரம் பேர் கூடும் விழாவில் ஒருவர் வராததை யார் அறிவார்? எட்டுப் பேர் கூடும் சனிக்கிழமையில் அது உடனே தெரிந்துவிடும். பந்தும் கட்டையும் காயும் பலகையும் அதற்கொரு சாக்கு மட்டுமே. கேரம் ஆடாதவர்கள் பஜனை வைத்துக்கொள்ளலாம், திருக்குறள் படிக்கலாம், வெறுமனே காப்பி குடிக்கலாம். நாள் குறித்ததாக இருக்க வேண்டும். பெயர் எழுதியதாக இருக்க வேண்டும். கதவைத் தட்ட ஒருவர் போகவேண்டும். அண்ணாச்சியை நேயர்கள் நகைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். அரசாங்கக் கோப்பில் பழகியவர். பதிவு இல்லாத அன்பை அவர் நம்பவில்லை.

அந்தப் பழைய நோட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் எழுதப்படாமல் இருக்கின்றன. சென்ற மாதம் அதை எடுத்துத் தூசி தட்டினோம். ஆறு பெயர் சேர்ந்திருக்கிறது. முதற்பெயர் இரண்டு வாசல் தள்ளியிருக்கும் அந்த மதுரை இளைஞருடையது. எங்களில் எவரினும் நன்றாக ஆடுகிறார். ஆகவே அவருக்கு நம்மையே கூட்டாளியாகச் சேர்த்திருக்கிறோம். சென்ற சனிக்கிழமை நமக்கு அலுவலகத்தில் நேரமாகிவிட்டது, போக முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவர்தான் நின்றிருந்தார்.

“உங்க பேருக்கு நேரே சுழி போட்டாச்சு சார். உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார்.